முதலில் நிறுத்தம், பிறகே வேகம்

பழைய கார்களின்மேல் நம் எல்லைப் பக்கத்து இளைஞர்களுக்கு மறுபடியும் ஆசை பிறந்திருக்கிறது. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும், எல்லை தாண்டினால் களியக்காவிளையிலும் மார்த்தாண்டத்திலும், ஒரு காலத்தில் அப்பாவோ மாமாவோ ஓட்டிய பிரீமியர் பத்மினி காரைத் தார்ப்பாய் நீக்கி வெளியே எடுக்கிறார்கள். தகரம் தட்டி, பெயின்ட் அடித்து, புது சீட் தைத்து நிறுத்தினால் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. கையால் செய்யும் வேலையில் இளைஞர்கள் மனம் வைப்பது நல்ல காரியம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அடுத்த படியாக, கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்திலோ நம் காரையும் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசை வருகிறது. அப்போது அவர்கள் பணம் செலவழிக்கும் வரிசையைப் பார்த்தால்தான் கவலையாக இருக்கிறது. முதலில் எஞ்சின், அடுத்து சைலன்சர், பிறகு ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்துவது. பணம் மிஞ்சினால் பிரேக்.

இந்த வரிசை தலைகீழானது. பிரேக், டயர், சஸ்பென்ஷன், கடைசியில் எஞ்சின் என்பதே சரியான வரிசை. டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, அங்கேயே தலை நரைத்தவன் என்ற முறையில் இதை நம் சங்க வாசகர்கள் முன் வைக்கிறேன். பிள்ளைகளின் ஆசைக்குத் தடை போடுவது என் நோக்கமில்லை. அந்த ஆசை முழுதாகத் திரும்பி வீட்டுக்கு வர வேண்டும் என்பதே நோக்கம்.

ரயில்வேயில் 'பிரேக் பவர் சர்டிபிகேட்' என்று ஒரு தாள் உண்டு. புறப்படும் நிலையத்தில் வண்டியின் பிரேக்குகளைச் சோதித்து, எத்தனை சிலிண்டர்கள் வேலை செய்கின்றன என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பார்கள். டிரைவரிடமும் கார்டிடமும் அது இருந்தால்தான் வண்டி கிளம்பும். எஞ்சினுக்கு எத்தனை குதிரைசக்தி என்று அந்தத் தாளில் யாரும் கேட்பதில்லை. ஒரு புதுவகைப் பெட்டியைக் கூடுதல் வேகத்தில் ஓட்ட வேண்டுமானாலும் முறை இதுதான். லக்னோவில் உள்ள ஆர்.டி.எஸ்.ஓ. நிறுவனம் அதை ஓட்டிப் பார்த்து எவ்வளவு ஆடுகிறது, அவசர பிரேக் போட்டால் எத்தனை மீட்டரில் நிற்கிறது என்று அளந்து சொல்லும். ரயில்வே பாதுகாப்பு ஆணையர் அதைப் பார்த்த பிறகே வேகத்துக்கு அனுமதி. ஆட்டமும் நிறுத்தமும் முதலில், வேகம் பிறகு. ஆயிரம் பேரை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு உள்ள இந்த நியாயம், இரண்டு பேர் உட்காரும் காருக்கும் உண்டு.

பத்மினி கார் டாக்சி ஓட்டப் பிறந்த வண்டி, அதற்கு எதற்குப் பந்தயத் தளம் என்று சிலர் சிரிக்கலாம். அந்தச் சிரிப்பு சரியல்ல. இதன் மூதாதை 1953-ல் இத்தாலியில் வந்த ஃபியட் 1100. அதே ஆண்டில் அதற்கு 'டூரிஸ்மோ வெலோசே' என்ற, 50 குதிரைசக்தி கொண்ட வேகமான பதிப்பும் வந்தது. குடும்பக் காரையே சற்று முறுக்கி ஓட்டும் ஸ்போர்ட்ஸ் செடான் வகையில் அதுவும் ஒன்று. நம் நாட்டில் பம்பாய் பிரீமியர் தொழிற்சாலையில் 1964 முதல் 'டிலைட்' என்றும், 1974 முதல் 'பத்மினி' என்றும் அந்தக் கார் வந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் ஃபியட்டும் ஹெரால்டும் அம்பாசடரும் ஓடின. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தளம் வந்தபின் சோழவரம் பழங்கதையாயிற்று. மும்பைத் தெருவில் கடைசி பத்மினி டாக்சி 2023 அக்டோபர் இறுதியில் ஓய்வு பெற்றது. எனவே இன்று ஒரு பத்மினியைத் தளத்தில் ஓட்டுவது ஒரு பரம்பரையின் தொடர்ச்சிதான். ஆனால் சோழவரத்து ஓடுபாதை கற்றுத்தந்த பாடத்தையும் சேர்த்தே எடுத்துக்கொள்ள வேண்டும். நேர்ப்பாதையில் எஞ்சின் பேசும். கோடி வளைவில் பிரேக் பேசும்.

கணக்கைப் பார்ப்போம். பத்மினியின் எடை சுமார் 900 கிலோ. இரண்டு ஆட்களையும் சேர்த்து 1050 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அது சுமக்கும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 4 லட்சம் ஜூல். 50 கி.மீ. வேகத்தில் 1 லட்சம் ஜூல்தான். வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் நான்கு மடங்கு என்பதைப் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். காரை நிறுத்தும்போது இந்த ஆற்றல் எங்கே போகிறது? பெரும்பகுதி பிரேக்கில் வெப்பமாகிறது. 4 லட்சம் ஜூல் என்பது ஒன்றேகால் லிட்டருக்கும் அதிகமான பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகும் வெப்பம். சாலையில் அப்படிப் பிடிப்பது எப்போதோ ஒருமுறை. செட்டிப்பாளையம் தளத்தின் சுற்று 2.1 கி.மீ. அதில் வளைவுக்கு வளைவு, சுற்றுக்குச் சுற்று பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதல் பிடியின் சூடு ஆறுவதற்குள் அடுத்த பிடி வந்துவிடும்.

பத்மினியில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். டிரம் சூடானால் விரியும். விரிந்தால் ஷூவிலிருந்து விலகும். மிதி இன்னும் கீழே போக வேண்டியிருக்கும். லைனிங்கின் உராய்வும் சூட்டில் குறையும். டிரம் பிரேக்கில் முன்னோக்கிய ஷூ, சுழலும் டிரம்மாலேயே இழுக்கப்பட்டுத் தானாக இறுகும் குணம் உடையது. சாதாரண நேரத்தில் இது உதவி. உராய்வு குறையும்போது இந்த உதவியும் சேர்ந்து குறைவதால் பிரேக் திடீரென்று கைவிட்டது போலத் தோன்றும். மிதிக்கிற காலுக்குப் பலம் போதவில்லை என்று ஓட்டுபவர் நினைப்பார். தவறு காலில் இல்லை, வெப்பத்தில்.

இதையேதான் நம் ரயில்வேயும் வேறு அளவில் கண்டது. பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டிகளில் பிரேக் கட்டை சக்கரத்தின் ஓட்டுப்பரப்பையே அழுத்திப் பிடிக்கும். வாக்குவம் பிரேக் போய் ஏர் பிரேக் வந்தபோது அழுத்தும் பலம் கூடியது. ஆனாலும் சூடு சக்கரத்தில்தான் ஏறியது. 2000-ல் ஜெர்மனியிலிருந்து எல்.எச்.பி. பெட்டிகள் வந்தபோது ஒவ்வோர் அச்சிலும் இரண்டு டிஸ்க்குகள் தனியே பொருத்தப்பட்டிருந்தன. மணிக்கு 160 கி.மீ. ஓடக்கூடிய பெட்டிக்கு அதுதான் வழி. பெரம்பூரில் பழைய வகைப் பெட்டி கட்டுவதே 2018-ல் நின்றது. காரிலும் டிஸ்க் வென்றதற்குக் காரணம் இதுவே. டிஸ்க் திறந்த வெளியில் சுழல்வதால் விரைவில் ஆறும். சூட்டில் விரிந்தாலும் பேடை விட்டு விலகாது.

அதற்காக முதல் நாளே டிஸ்க் வாங்க ஓடச் சொல்லவில்லை. முதல் செலவு சிறு செலவு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறினால் அது 140 அளவுக்கு இறங்கிவிடும். டாட் 4 ஆயிலில் இவை 230, 155. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். ஆவி அமுங்கும் பொருள். மிதி தரை வரை போகும், வண்டி நிற்காது. எனவே தளத்துக்குப் போகுமுன் பழைய ஆயிலை முழுக்க வடித்துப் புதிய டாட் 4 ஊற்ற வேண்டும். வருடக் கணக்கில் கிடந்த ரப்பர் ஹோஸ்களையும் சிலிண்டர் கப்புகளையும் மாற்ற வேண்டும். ஒரே சர்க்யூட் உள்ள மாஸ்டர் சிலிண்டர் என்றால் ஓரிடத்தில் ஒழுகினாலே நான்கு சக்கரமும் போயிற்று. முன்னும் பின்னும் தனித்தனியாகப் பிரித்த இரட்டைச் சிலிண்டர் போடுவது, எஞ்சினுக்குச் செய்யும் எந்தச் செலவையும்விட மேலான செலவு.

லைனிங் ஒட்டுவதிலும் ஒரு கலை உண்டு. ஷூவின் வளைவும் டிரம்மின் வளைவும் ஒன்றாக இருக்க வேண்டும். நம் ஊர்ப் பட்டறைகளில் பழைய மேஸ்திரிகள் லைனிங்கில் சாக்குக் கட்டி தேய்த்து டிரம்மைச் சுற்றிப் பார்ப்பார்கள். சாக்கு முழுவதும் அழிந்தால் ஷூ முழுவதும் படிகிறது. நடுவில் மட்டும் அழிந்தால் பாதி பிரேக்தான். இந்த அறிவு புத்தகத்தில் இல்லை, கைகளில் இருக்கிறது. அந்தக் கைகளுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. ஒன்று மட்டும் அவர்களிடமிருந்து கற்கக் கூடாது: பிரேக் தூளைக் காற்றடித்து ஊதுவது. பழைய லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும், நுரையீரலைக் கெடுக்கும். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இத்தனையும் செய்த பிறகு முன் சக்கரத்துக்கு டிஸ்க் போட விரும்பினால் தாராளமாகப் போடலாம். பின் சக்கரத்தைவிட முன் சக்கரத்துக்கே அது முக்கியம். காரணம், பலமாகப் பிடிக்கும்போது எடை முன்னே சாய்கிறது. பத்மினியின் நீளத்துக்கும் உயரத்துக்கும் கணக்குப் போட்டால் சுமார் 200 கிலோ பின் சக்கரங்களிலிருந்து முன் சக்கரங்களுக்கு மாறும். பின் சக்கரம் லேசாகி முதலில் பூட்டிக்கொண்டால் வண்டியின் பின்பாகம் பக்கவாட்டில் சுழலும். எனவே பின்பக்க அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு வேண்டும். இன்னொரு விஷயத்தைப் பலர் மறக்கிறார்கள். டிரம் பிரேக்குக்கான மாஸ்டர் சிலிண்டரில், குழாயில் சிறிது அழுத்தத்தை எப்போதும் நிறுத்தி வைக்கும் வால்வு இருப்பது வழக்கம். டிஸ்க் சர்க்யூட்டில் அதை விட்டுவைத்தால் பேடு எந்நேரமும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். நிறுத்தும் முன்பே சூடாகிவிடும். டிஸ்க்குக்குத் தானாக இறுகும் குணம் கிடையாது என்பதால் கூடுதல் அழுத்தமும் தேவை. சிலிண்டர் அளவு, பூஸ்டர் இரண்டையும் தெரிந்தவர் கணக்கிட்டுத் தர வேண்டும். உடைக்கும் கடையில் கிடைத்ததை வெல்டு வைத்து ஒட்டினால் அது பிரேக் ஆகாது.

இனி சஸ்பென்ஷன். என் தங்கை மகன் ஒரு நாள், "மாமா, முன் ஸ்பிரிங்ல ரெண்டு வளையம் வெட்டினா போதும், வண்டி தரையோட ஒட்டி நிக்கும், வளைவுல சாயாது" என்றான். "சாயாதுதான் மக்கா, ஆனா டயர் தரையில நிக்குமா?" என்று கேட்டேன். பதில் இல்லை. விளக்கம் இதுதான். எட்டு வளையமுள்ள ஸ்பிரிங்கில் இரண்டை வெட்டினால் அதன் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும். அதே நேரத்தில் சக்கரம் மேலே ஏறி இறங்கும் இடம் குறையும். கொஞ்சம் குழி வந்தாலும் ரப்பர் முட்டில் போய் இடிக்கும். இடித்த கணத்தில் அந்தச் சக்கரத்துக்கு ஸ்பிரிங்கே இல்லாத நிலை. வெட்டிய முனை இருக்கையில் சரியாக உட்காராமல் வண்டி எழும்பும்போது நழுவவும் கூடும்.

ஸ்பிரிங் எடையைத் தாங்குகிறது. ஷாக் அப்சார்பர் ஆட்டத்தை விழுங்குகிறது. ஐ.சி.எஃப். போகியிலும் ஸ்பிரிங்கோடு எண்ணெய் நிரம்பிய டாஷ்பாட் இருப்பது இதற்காகத்தான். விறைப்பான ஸ்பிரிங்கோடு பழைய ஷாக் அப்சார்பரை வைத்தால் வண்டி பந்து போலக் குதிக்கும். குதிக்கும் டயர் தரையைத் தொடாத நேரத்தில் எவ்வளவு நல்ல பிரேக்கும் பயன்படாது. ஆகவே பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் ஒரே வேலையின் இரண்டு பாகங்களாகப் பார்க்க வேண்டும்.

பத்மினியின் முன்பக்கம் மேலும் கீழும் இரண்டு கைகளும் காயில் ஸ்பிரிங்கும் உள்ள நல்ல அமைப்பு. அதை மாற்றும்முன் புதுப்பிக்க வேண்டும். தேய்ந்த புஷ்கள், ஆடும் கிங்பின், தளர்ந்த ஸ்டீயரிங் மூட்டுகள், வீல் பேரிங் ஆகியவற்றைச் சரி செய்து வீல் அலைன்மென்ட் பார்த்தாலே வண்டி பாதி புதிதாகிவிடும். அதன்பின் நல்ல ஷாக் அப்சார்பர். வளைவில் சாய்வதைக் குறைக்க ஸ்பிரிங்கை வெட்டுவதைவிடச் சற்றுத் தடித்த ஆன்டி ரோல் பார் மேல். பின்பக்கத்தில் லீஃப் ஸ்பிரிங்குக்கு வேலை அதிகம். எடையையும் தாங்கி, அச்சையும் இடம் பெயராமல் பிடித்து, பிரேக் போடும்போது அச்சு முறுக்குவதையும் அதுவே தடுக்க வேண்டும். சோர்ந்துபோன பட்டைகள் பலத்த பிடியில் 'எஸ்' வடிவில் முறுக்கி விடுபடும். பின்பக்கம் படபடவென்று குதிக்கும். பட்டைகளை மாற்றி, ஷேக்கிள் புஷ் போட்டு, சென்டர் போல்ட்டையும் யூ போல்ட்டையும் இறுக்கிய பிறகே மற்றப் பேச்சு.

ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அதன் பின்பக்கம் ஸ்விங் ஆக்சில். வளைவில் திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டாலோ பிரேக் போட்டாலோ பின் சக்கரம் உள்பக்கம் மடங்கி வண்டியைத் தூக்கிவிடும். ஒரு வண்டிக்குப் பொருந்திய வைத்தியத்தை அடுத்த வண்டிக்கு எழுதிக் கொடுக்கக் கூடாது என்பதற்கு இது உதாரணம்.

டயரைப் பற்றி ஒரு வரி. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் ரப்பர் கல்லாகியிருக்கும். கொட்டகையில் கிடந்த காரில் இதுதான் மறைந்திருக்கும் ஆபத்து.

பழைய காரை இப்படி மாற்றினால் அதன் மரபு கெடுமே என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்வி. என் பதில்: துளையிடாமல், வெல்டு வைக்காமல், போல்ட்டைக் கழற்றினால் பழையபடி திரும்பும் மாற்றங்களை மட்டும் செய்யுங்கள். கழற்றிய சாமான்களுக்கு கிரீஸ் தடவி, பெயர் எழுதி, பெட்டியில் வையுங்கள். ஒரே ஒரு பழைய கார்தான் வீட்டில் இருக்கிறது, அதுவும் தாத்தா வாங்கியது என்றால், அதை உள்ளபடியே காப்பாற்றுவதுதான் அழகு. எல்லாப் பழைய வண்டியும் தளத்துக்குப் போக வேண்டும் என்று சட்டமில்லை.

சட்டம் என்றதும் இன்னொன்று. பலர் தளத்துக்காக மாற்றிய வண்டியைத் தேசிய நெடுஞ்சாலையிலும் ஓட்டிப் பார்க்கிறார்கள். அமரவிளைக்கும் களியக்காவிளைக்கும் இடையே பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாலையைக் கடக்கிறார்கள். உதியன்குளங்கரையில் வாழைக்குலை ஏற்றிய வண்டி குறுக்கே திரும்புகிறது. அது தளமல்ல. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளர் குறித்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை விளக்கியது. அதே ஆண்டு சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ என்று வைத்தது. கே.எல். 19 பாறசாலை எண்ணானாலும் டி.என். 75 மார்த்தாண்டம் எண்ணானாலும் சட்டம் ஒன்றே. எல்லை தாண்டித் தப்ப முடியாது. பந்தயத்துக்கும் வேகச் சோதனைக்கும் சாதாரண மோட்டார் இன்சூரன்ஸ் பொருந்தாது என்பதையும் பாலிசியைப் படித்தால் தெரியும். ஆகவே தளத்துக்கான வண்டியை லாரியில் ஏற்றிக் கொண்டுபோங்கள். கோயம்புத்தூர் ஏறத்தாழ 400 கி.மீ.; லாரிக் கூலி கசக்கும். நாலு பேர் சேர்ந்து இரண்டு வண்டி ஏற்றினால் கசப்பு பாதியாகும்.

முடிவாக நம் சங்கத்துக்கு ஒரு யோசனை. நம் உறுப்பினர்களில் பட்டறை வைத்திருப்பவர்கள் உண்டு. ரயில்வேயிலும் பஸ் டிப்போவிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் உண்டு. எங்களில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால், பழைய கார் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சோதித்துக் கொடுக்கலாம். ஒரு பக்கத் தாள் போதும். ஆயில் மாற்றிய தேதி, ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர், லைனிங் படிவு, டயரின் வயது, ஷாக் அப்சார்பர், புஷ், வீல் பேரிங் என்று எட்டு வரி. எட்டும் சரியென்று இரண்டு பேர் கையெழுத்திட்ட பிறகு எஞ்சினைப் பற்றிப் பேசலாம். தளத்திலும் ஓடுமுன் அதிகாரிகள் வண்டியைச் சோதிப்பார்கள். ஆனால் அங்கே வரிசையில் நின்று திருப்பி அனுப்பப்படுவதைவிட இங்கேயே தெரிந்துகொள்வது லாபம். கைத்தொழில் அறிவும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேரும். சங்கச் செயலாளர் ஒரு தேதி குறித்தால் சாக்குக் கட்டியோடு முதலில் வந்து நிற்க நான் தயார்.

ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர்,
பாறசாலை